பின்மூடியில் நீ அழித்த குறி

மகனே,

"நலம், நலமறிய ஆவல்" என்று முதல் வரி எழுதத்தான் கோயில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். உன் நிச்சயதார்த்தம் முடிந்து, சம்மந்தி ஊரான கியாக்தானில் பஸ் ஏறும்போது பிடித்த கோபம் இது. நீ பாங்காக்குக்கு விமானம் ஏறிப் போய் இத்தனை நாள் ஆகியும் அது தணியவில்லை. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் கூடவே அதுவும் பற்றிக்கொள்கிறது. போனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "யாபாடே அம்மா, யாபாடே" என்று பேச்சை முடித்துவிடுவாய். எதற்கெடுத்தாலும் உனக்குப் பரவாயில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் தமிழில். பர்மியம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். எழுத்துக்கூட்டியே படி. ஒரு மூச்சில் படித்துவிட்டு மறந்துபோகிற விஷயம் இல்லை இது. ஒளித்துவைத்துப் படிக்கவும் வேண்டாம். உனக்கு நிச்சயித்திருக்கிற வாணி கேட்டால் அவளுக்கும் படித்துக் காட்டு. யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நடந்ததை நடந்தபடியே முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீ "அது அப்படி இல்லம்மா" என்று ஆரம்பிக்கக் கூடாது. தட்டு மாற்றி, ஆற்று நடுவில் இருக்கிற பகோடாவுக்குப் படகில் போய் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, பர்மியப் பேர் வைத்த உன் மாமனார் ஊ தான் மாங் வீட்டுக்குத் திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே போய்க் கைக்குட்டையில் சுற்றி ஒரு வாட்ச் கொண்டுவந்தார். உன் அப்பாவின் வாட்ச். நம் வழக்கத்தில் பெண்வீட்டார்தான் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பா என் கல்யாணத்தில் உன் அப்பா கையில் கட்டிவிட்டது அது. நீ வழக்கத்தைத் தலைகீழாக்கி அதை மாமனாருக்குக் கொடுத்தாய். அவருக்குப் பழைய சாவி வாட்ச் என்றால் உயிர் என்றாய். நானும் மனசாரச் சம்மதித்தேன். என் பீரோவில் கிடப்பதைவிட ஒரு மனிதன் கையில் ஓடட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

"சம்மந்தியம்மா, பாருங்க இத. ஒரு ஆணிகூட மாத்துனதில்ல. கடையில வாங்குன மாரியே இருக்குன்னு மாப்ள சொன்னாரு. உள்ளாற எல்லாமே கம்பெனி சாமான்" என்றார் அவர். நான் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் சின்னக் கத்தி முனையால் பின்மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். மூடியின் உள்பக்கம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. நான் அதைப் பழுது பார்த்தபோது கீறிவைத்த குறி அங்கே இல்லை. எனக்கு முன்னால் அந்த வாட்சைத் திறந்தவர்கள் கீறிவைத்தவையும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் உன் குதிகால் என் பாதத்தின் மேல் வந்து அழுத்தியது. உன்னைப் பெற்று வளர்த்தவளின் காலை மிதித்து வாயை மூட வைத்தாய். நானும் மூடினேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள், உனக்கோ இரண்டாவது கிண்ணம் பாயசம் வந்தது. அதையும் குடித்தாய்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. வெளிநாட்டில் இருக்கிற ஒரு சிநேகிதர் மூலமாக, உள்ளே சக்கரத்தைத் தாங்குகிற அச்சு ஒன்று, உறை பிரிக்காத கம்பெனி சாமானாகவே வரவழைத்திருக்கிறாராம். "இதுல இருக்கற அச்சு தேஞ்சிருக்கும்ல. கல்யாணத்துக்கு முன்னாடி ரங்கூன் கடையில குடுத்து மாத்திப்புட்டு, அன்னிக்கு நான் கட்டிக்கிட்டு வரேன்" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! அந்த வாட்சுக்குள் கம்பெனி அச்சு இல்லை என்பது மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான், வாய் அடைக்கப்பட்டவள். இன்னொருவன் நீ, தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த அச்சு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்டதே இல்லை, இப்போது கேள். அப்பா உயிரோடு இருந்தபோதே ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்குகையில் வாட்ச் சிமெண்டுத் தரையில் விழுந்து நின்றுபோயிற்று. நின்ற வாட்சையே கட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் மணி கேட்டுக்கொண்டு திரிந்த மனிதர் அவர். அவர் போய், நானும் லைங் தாயா தையல் ஃபேக்டரி வேலையிலிருந்து நின்ற பிறகு, அதைச் சந்தையில் வாட்ச் பார்க்கிற கோ ஸோவிடம் எடுத்துப் போனேன். உள்ளே ஓயாமல் முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரம் இருக்கிறதே, அதைத் தாங்குகிற அச்சு ஒடிந்துவிட்டது என்று காட்டினான். "ஆன்டி, இதுக்குச் சாமான் எங்கயும் கெடைக்காது. மிஷினத் தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மிஷின் வச்சுக்குங்க" என்றான். கிடைக்காவிட்டால் செய்ய முடியாதா என்று கேட்டேன். சிரித்தான். நல்ல பையன்தான், ஆனால் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த எல்லாமே கோபத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது.

கரண்ட் இருக்கிற நேரத்தில் போனில் வீடியோ பார்த்தேன். யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ மேசைமேல் குனிந்து கடைகிறார்கள். பேசுவது புரியாது, கை புரியும். கரண்ட் இல்லாத நேரத்தில் செய்து பார்த்தேன். பழைய சாமான் கடையில் கையகலக் கடைசல் மிஷின் ஒன்று வாங்கினேன். வில்லில் தூண்டில் நரம்பைக் கட்டி, இடது கையால் முன்னும் பின்னும் இழுத்தால் வேலைத்துண்டு சுழலும், வலது கையில் உளி. அதற்கு மின்சாரம் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். இரும்புக்கு எங்கே போவது என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்த நல்ல இரும்பு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. தையல் மிஷின் ஊசி. ஃபேக்டரியிலிருந்து ஒரு துண்டு ஊசிகூட நான் எடுத்து வந்ததில்லை. கடையில் புதிதாக வாங்கினேன். ஊசியின் தடித்த மேல்பாகத்தைச் சுட்டு இளக்கி, கடைந்து, மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு நீலம் பூக்கும் வரை இளம் சூடு காட்டவேண்டும். சூடு கொஞ்சம் குறைந்தால் கண்ணாடி போல ஒடியும், கூடினால் ஈயம் போல வளையும். ஒடித்தேன். வளைத்தேன். முடிந்துவிட்டது என்று இடுக்கியில் எடுத்த ஒன்று துள்ளிப் போய் இன்றுவரை கிடைக்கவில்லை, காந்தத்தை வைத்து வீடு முழுக்கத் துழாவினேன். கண் எரிந்தது, விரல் வெந்தது, யாரோ வெளிநாட்டுக்காரனை வீடியோவில் பார்த்துப் பார்த்துத் திட்டினேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியுமா? தெரியாது. அந்தச் சக்கரம் முதல்முதலாக என் அச்சில் நின்று ஆடியபோது நீ போனில் வந்தாய். வாட்சைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். "நல்லதும்மா, ஒங்களுக்கும் பொழுது போகணும்ல" என்றாய். பொழுது! எனக்குப் பொழுது போதவில்லையடா.

அந்தச் சக்கரத்தின் நடுத் துளை சற்று அகன்றிருந்தது. முன்னால் யாரோ அவசரமாகத் தட்டி எடுத்ததில் அப்படி ஆகியிருக்கிறது. அதனால் கம்பெனி அளவுக்குக் கடையாமல், துளைக்குத் தகுந்தபடி என் அச்சைக் கொஞ்சம் பருமனாக வைத்தேன். இதை அடுத்தவன் தெரிந்துகொள்ளத்தான் பின்மூடியில் குறி. வாட்ச் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் மூடியின் உள்ளே தம் அடையாளத்தைக் கீறிவைப்பார்கள். அந்த மூடியில் ஒருவர் சின்ன மீன் போட்டிருந்தார், ஒருவர் பர்மிய எண்ணில் தேதி, இன்னொருவர் என்னவென்றே புரியாத ஒரு கிறுக்கல். அவர்களுக்குக் கீழே நான் காது வைத்த ஊசி ஒன்று கீறினேன். இங்கே ஒரு கை பட்டிருக்கிறது, பார்த்துத் தொடு என்று அர்த்தம். கம்பெனி அச்சு என்று நம்பி ஒருவன் அதைத் தட்டி எடுத்தால் சக்கரத்தின் குறுக்குக் கம்பி வளைந்துபோகும். எடுத்துவிட்டாலும் உன் மாமனார் வரவழைத்த அசல் அச்சு அந்தத் துளையில் நிற்காது, லொடலொடவென்று ஆடும். பிறகு அந்த வாட்ச் ஓடாது. கோ ஸோ சொன்ன பேட்டரி மிஷின்தான் கதி. புது வார் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பாங்காக் எடுத்துப் போனாயே, அங்கே எந்தக் கடையில் கொடுத்து இத்தனை பேரையும் தேய்த்து அழித்தாய்? வாய் தவறிச் சொன்ன பொய்யாக இருந்தால் மன்னித்திருப்பேன். இதற்கு நீ கடை தேடிப் போயிருக்கிறாய்.

உனக்கு இது புதிது இல்லை. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது டீக்கோப்பையின் காதை உடைத்துவிட்டு, சோற்றுப் பசையால் ஒட்டி, அலமாரியில் முன்வரிசையில் வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் பெரியப்பா வந்த அன்று நான் அதில்தான் டீ ஊற்றிக் கொடுத்தேன். சூடு பட்டதும் காது அவர் கையில் நின்றது, கோப்பை அவர் மடியில் விழுந்தது. லோஞ்ஜியை உதறிக்கொண்டு அந்த மனிதர் குதித்த குதியை நினைத்து அப்பாவும் நானும் பிறகு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு உன்னை அடித்தேன். உடைத்ததற்காக அடித்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. உடைத்ததற்கு இல்லை, ஒட்டியதற்கும் இல்லை. ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் நான் பல்பொடி போட்டு வைத்துக்கொண்டிருப்பேன். சொல்லாமல் முன்வரிசையில் வைத்தாய் பார், அதற்குத்தான் அடி.

ஃபேக்டரியில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது எங்களுக்கு ஒரு சட்டம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்தால்தான் புது ஊசி. ஒரு பொட்டுக் குறைந்தாலும் மிஷின் நிற்கும். ஒருநாள் ஒரு பெண்ணுக்கு ஊசி முனை கிடைக்கவில்லை. "தரையில விழுந்திருக்கும், விடுங்க ஆன்டி. பஸ் போயிரும்" என்று லைன் முழுக்கக் கெஞ்சியது. நான் விடவில்லை. மூட்டை கட்டிய துணியை எல்லாம் பிரிக்கவைத்தேன். என்னை மனசுக்குள் சபிக்காதவர்கள் அங்கே யாரும் இல்லை. கடைசியில் ஒரு குழந்தைச் சட்டையின் காலருக்குள் அது இருந்தது. ஃபேக்டரி பஸ் போய்விட்டது. ஏதேதோ வண்டி மாறித் தின்கன்ஜூனில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீ வாசலில் பசியோடு நின்றுகொண்டிருந்தாய். "ஒரு துண்டு ஊசிக்காகவாம்மா?" என்று கேட்டாய். "அது ஒன் கழுத்தா இருந்தா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ உன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாய். அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது உன்னைக் கேட்டேன். ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தணிந்த குரலில்தான் கேட்டேன், அது உனக்கும் தெரியும். "யாபாடே அம்மா. யாருக்குத் தெரியப்போவுது? பழைய வாட்ச் வச்சிருக்கறவங்களுக்கு உள்ள எல்லாம் ஒரிஜினலா இருந்தாத்தான் மதிப்பு" என்றாய். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்துச் சொன்னாயே, "பின்ன, எங்கம்மா தையல் மிஷின் ஊசிய ராவி உள்ள வச்சிருக்காங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று. ஆமாம் மகனே. அதைத்தான் சொல்லச் சொல்கிறேன். உனக்குப் பள்ளிச் சீருடை வாங்கித் தந்தது அந்த ஊசி. மொஹிங்கா நூடுல்ஸுக்கு முட்டை சேர்த்துப் போடச் சொல்லி அடம்பிடிப்பாயே, அந்த முட்டை அந்த ஊசி. நீ வெளிநாட்டில் போய் உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் அதுதான். நீ வெட்கப்பட்டது வாட்சுக்காக இல்லை, என்னைக் கண்டு வெட்கப்பட்டாய். எனக்கு வலித்தது. வயசாகிவிட்டால் இதெல்லாம் உறைக்காது என்று நினைத்துக்கொள்ளாதே, நன்றாக உறைக்கிறது.

தட்டு மாற்றுவதற்கு முன்னால், இரும்பு காய்ச்சிச் சுட்டுக்கொண்ட என் கையை வாணி பிடித்துப் பார்த்தாளே, அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். "விரல்ல என்னா அத்தே, சுட்டுக்கிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள் நீ, "அம்மாவா? வீட்டுல சும்மாதான் இருக்காங்க. சமைக்கும்போது பட்டிருக்கும்" என்று முந்திக்கொண்டாய். அந்தப் பெண் அதை நம்பி, அவள் அம்மாவிடம் கேட்டு ஏதோ களிம்பு வாங்கித் தடவிவிட்டாள். அவள் தடவத் தடவ எனக்குக் கூசியது. நல்ல பெண். அவளிடம் இன்னும் எதையெல்லாம் சமையல் என்று சொல்லிவைத்திருக்கிறாய்? குடும்பம் என்றால் உடையும், விரியும், தேயும். நானும் உன் அப்பாவும் போட்டுக்கொள்ளாத சண்டையா? இங்கே ஒட்டியிருக்கிறது, இதைப் பார்த்துப் பிடி என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தோம், அவ்வளவுதான். அவள் ஒருநாள் தெரியாமல் அந்தக் கோப்பைக் காதைப் பிடித்துத் தூக்குவாள். அன்றைக்கு வெந்துபோவது அவள்தான்.

எதிர்வீட்டுச் சரஸ்வதியிடம் சொன்னேன். எனக்கு ஆறவில்லை, யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. அவள், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்களே. இது ஒண்ணுதானே, விடுங்க" என்கிறாள். அவள் வீட்டுக் கல்யாணத்தில் எத்தனை சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், அது இருக்கட்டும். ஒரு கல்யாணத்துக்காக ஒரு மனிதர் ஆசையாக வைத்திருக்கிற பொருளை அவர் கையாலேயே உடைக்கவைக்கலாம் என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. ஊ தான் மாங் உனக்குப் பெண்ணைத் தருகிறார். "மாப்ள சொன்னாரு" என்று எத்தனை தடவை சொன்னார், எண்ணினாயா? நீ சொன்னதைச் சாட்சி வைத்துப் பேசுகிற மனிதரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கை கழுவி எழுந்து வந்திருக்கிறாய்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். வாட்ச் இன்னும் கடைக்குப் போகவில்லை. சம்மந்தியிடம் வேறு காரணம் சொல்லி விசாரித்துவிட்டேன், வருகிற சனிக்கிழமைதான் கொண்டுபோகிறாராம். அதனால் இந்தக் காகிதங்களைப் போனில் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புகிறேன். இதைப் படித்து முடித்ததும் அவரைக் கூப்பிடு. மெசேஜ் அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளாதே, வாயால் பேசு. அச்சை மாற்றவேண்டாம், உள்ளே இருப்பது அம்மா கடைந்தது, தையல் ஊசியில் கடைந்தது, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல். அவர் கோபப்படுவார், படட்டும். கோபத்தால் யாரும் செத்துப்போவதில்லை, நான் இத்தனை வருஷமாக உயிரோடுதான் இருக்கிறேன். உன் பேச்சைக் கேட்டு அவர் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று பயப்படுகிறாய், அதுதானே? ஊசிக்காக நிறுத்துகிற மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. பொய்க்காக நிறுத்தினால் அது அவர் உரிமை. அந்தப் பயம் உனக்கு இருக்கட்டும், அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியாது.

அதே அளவில் இன்னொரு அச்சு கடைந்து வைத்திருக்கிறேன். இந்தக் கோபத்தோடு உட்கார்ந்து கடைந்தும் ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. பஞ்சு வைத்துச் சின்ன டப்பியில் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு வரும்போது அதை நீயே கியாக்தான் கொண்டுபோய் அவர் கையில் கொடு. என்றைக்காவது அந்த வாட்ச் விழுந்தால் அது உதவும். பிறகு அவர் முன்னாலேயே பின்மூடியைத் திறந்து, உன் கையால் அந்த ஊசிக் குறியைக் கீறு. மீனையும் தேதியையும் கிறுக்கலையும் உன்னாலோ என்னாலோ திருப்பிக் கொண்டுவர முடியாது. அவர்கள் யார் என்று கேட்கவும் இப்போது ஆள் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.

நீ சொல்லமாட்டாய் என்றால் சனிக்கிழமைக்கு முன்னால் நானே அவரைக் கூப்பிட்டு, அச்சைத் தொடாதீர்கள், காரணத்தைக் கல்யாணத்தன்று சொல்கிறேன் என்று மட்டும் சொல்வேன். கல்யாணத்தன்று உன் மாமனார் அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு வருவார், நாலு பேரைக் கூப்பிட்டு மணிக்கட்டை நீட்டிக் காட்டுவார். அப்போது நான் பேசுவேன். தமிழில் ஒரு தரம், பர்மியத்தில் ஒரு தரம், உன் சிநேகிதர்கள் யாருக்கும் புரியாமல் போகாதபடி. சாப்பாட்டுக்கு மேசை போட்டிருந்தாலும் சரி, எனக்கு ஓரமாகத் தரையில் ஒரு பாய் விரிக்கச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் சப்பணம் போட்டுத்தான் உட்காருவேன். மிதிக்க உனக்குக் கால் கிடைக்காது.

அம்மா